மருந்தடிக்கும் காலம் வருமுன் தேனீக்கு என்ன சாப்பாடு?

தேனீ வளர்க்க ஆரம்பித்த வருடம் எனக்குக் கிடைத்த ஒரே யோசனை, "பூ இல்லாத மாசத்துல சர்க்கரைப் பாகு வெச்சுடுங்க, அது பாட்டுக்கு இருக்கும்" என்பதுதான். அப்படியே செய்தேன். உடுமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பின் ஓரத்தில் நான்கு பெட்டிகள். ஐப்பசியில் சுற்றிலும் மக்காச்சோளக் காடுகளில் (எங்கள் பக்கம் வயலைக் காடு என்போம்) படைப்புழுவுக்கு மருந்து அடித்த வாரம் இரண்டு பெட்டிகள் போய்விட்டன. மற்ற இரண்டும் தட்டுத் தடுமாறித் தேறின. பெட்டிக்குள் தேனடை கட்டியிருக்கும் மரச் சட்டங்களை வெளியே எடுத்துப் பார்த்தபோதுதான் வித்தியாசம் புரிந்தது. போன பெட்டிகளில் பாகு நிறைய இருந்தது, மகரந்தம் ஒரு விரல்கடை அளவுகூட இல்லை. தேறிய பெட்டிகளில் தேனீயின் குஞ்சுப் புழுக்களைச் சுற்றி மஞ்சளும் ஆரஞ்சுமாக மகரந்தம் வில் மாதிரி வளைந்து நின்றது.

நான்கு பெட்டிகளை வைத்துக்கொண்டு எதையும் நிரூபித்துவிட முடியாது. ஆனால் அதற்குப் பிறகு படித்ததும் பார்த்ததும் எல்லாம் அந்தப் பக்கமே கை காட்டின. சர்க்கரை தேனீயின் பசியை ஆற்றும், பறக்கத் தெம்பு கொடுக்கும். விஷத்தைத் தாங்கும் உடம்பைக் கொடுப்பது மகரந்தம். புதிதாக இரண்டு மூன்று பெட்டிகள் வாங்கியிருப்பவர்கள் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும், மீதி எல்லாம் கைவேலை.

ஏன் மகரந்தம்?

நம் கல்லீரல் நச்சை உடைப்பது போல, பூச்சிகளின் குடலிலும் நச்சை உடைக்கும் நொதிகள் உண்டு. 2006இல் தேனீயின் மரபணுத் தொகுதி வெளியானபோது ஒரு விஷயம் தெரிந்தது: இந்த நொதிகளை உண்டாக்கும் மரபணுக்கள் தேனீயிடம் மற்றப் பூச்சிகளிடம் இருப்பதில் ஏறக்குறையப் பாதிதான். அதாவது இருக்கிற கொஞ்சத்தை முழுசாக வேலை வாங்கியாக வேண்டும்.

அதை வேலை வாங்குவது சாப்பாடு. மகரந்தத் துகளின் வெளி ஓட்டில் பாரா-கூமாரிக் அமிலம் என்ற பொருள் இருக்கிறது. மகரந்தம் கலப்பதால் தேனிலும் கொஞ்சம் வந்துவிடும். அது உள்ளே போனதும் இந்த நொதிகளுக்கான மரபணுக்கள் முடுக்கிவிடப்படுகின்றன. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பூச்சியியலாளர் மே பெரன்பாம் குழுவினர் 2013இல் இதைக் காட்டினார்கள். பெட்டிக்குள் உண்ணிக்குப் போடும் கூமாபாஸ் என்ற மருந்தை, இந்த அமிலம் கலந்த உணவு தின்ற தேனீக்களின் குடல் 60 சதவீதம் அளவுக்குக் கூடுதலாக உடைத்தது. வெறும் சர்க்கரைப் பாகில் அந்த அமிலம் துளியும் கிடையாது. பாகு மட்டுமே குடித்து வளர்ந்த தேனீக்கு அந்த சுவிட்சைப் போட ஆளே இல்லை.

அடுத்த ஆண்டு பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனை இன்னும் நேரடியானது. மகரந்தம் தின்ற தேனீக்கள், செயற்கைத் தீவனம் தின்றவற்றைவிட குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்தை நன்றாகத் தாங்கின. 2017இல் சான் டியாகோவில் எதிர்ப்பக்கமாகப் பார்த்தார்கள்: அரைவயிறும் நியோனிகோட்டினாய்டு என்ற வகைப் பூச்சிமருந்தும் சேர்ந்தால் என்ன ஆகும்? உயிர்பிழைப்பது 50 சதவீதம் வரை குறைந்தது. பட்டினியின் கேடும் மருந்தின் கேடும் தனித்தனியாகக் கூட்டினால் வருவதைவிட அது அதிகம். வெறும் வயிற்றில் குடித்தவனுக்குச் சீக்கிரம் ஏறுகிற கதைதான்.

இந்தச் சோதனைகள் எல்லாம் ஐரோப்பியத் தேனீயில் நடந்தவை. நம் பெட்டியில் இருக்கும் இந்தியத் தேனீ அதன் தங்கை முறை. ஒரு வேறுபாட்டை மட்டும் சொல்ல வேண்டும். ஐரோப்பியத் தேனீ மரப்பிசின் கொண்டுவந்து பூசும். அதிலும் இதே வகைப் பொருள்கள் உண்டு. இந்தியத் தேனீ பிசின் சேர்ப்பதில்லை. ஆகவே நம் தேனீக்கு மகரந்தமும் அது கலந்த தேனும்தான் வழி.

முதல் வேலை: பெட்டியைத் திறந்து கணக்கெடுப்பது

காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள், வெயில் ஏறியதும் பார்க்க வேண்டும். திறப்பதற்கு முன் ஐந்து நிமிடம் வாசலுக்குப் பக்கவாட்டில் உட்காருங்கள். திரும்பி வரும் தேனீக்களை எண்ணுங்கள். பத்துக்கு மூன்று நாலு தேனீயாவது பின்னங்காலில் மகரந்த உருண்டையோடு வந்தால் நல்லது. ஒன்றுகூட வரவில்லை என்றால் மூடியைத் திறக்காமலே பாதிச் செய்தி தெரிந்துவிட்டது.

பிறகு மேல்மூடியை எடுத்து, ஓரத்திலிருந்து இரண்டாவது சட்டத்தை மெல்லத் தூக்குங்கள். சூரியன் உங்கள் தோளுக்குப் பின்னால் இருக்கட்டும், அப்போதுதான் அடையில் இருக்கும் சின்னச் சின்ன அறைகளின் அடி தெரியும். நடுவில் புழுக்கள், அதைச் சுற்றி மகரந்த வளையம், அதற்கும் மேல் தேன், இதுதான் ஒழுங்கான வரிசை. மகரந்தத்தைத் தேனீக்கள் அறையில் தலையால் முட்டி முட்டி இறுக்கி வைத்திருக்கும். மேலே தேன் பூசியதால் லேசாகப் பளபளக்கும். வெளிர்மஞ்சளாக இருந்தால் பெரும்பாலும் தென்னை, ஆரஞ்சாக இருந்தால் சூரியகாந்தியாக இருக்கலாம். பூவின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நிறங்களை எண்ணுங்கள். மூன்று நிறத்துக்கு மேல் இருந்தால் நான் நிம்மதியாக மூடிவிடுவேன். ஒரே நிறம் என்றால் எவ்வளவு நிறைய இருந்தாலும் கவலைதான். காரணம் பின்னால் வருகிறது.

இன்னொரு அடையாளம் இதைவிட நம்பகமானது. மூன்று நாலு நாள் வயதுப் புழுவைப் பாருங்கள். வெறும் புள்ளியாக இருக்காது, பிறை நிலா மாதிரி வளைந்து கிடக்கும். அதன் அடியில் வெள்ளைப் பால் குளம்போல் நின்றால் புழுவுக்குப் பாலூட்டும் செவிலித் தேனீக்கள் நன்றாகச் சாப்பிடுகின்றன என்று அர்த்தம். புழு உலர்ந்த அறையில் ஒட்டிக்கொண்டு கிடந்தால் பெட்டியில் புரதம் இல்லை. அந்தப் பால் சுரப்பது மகரந்தம் தின்ற இளம் தேனீக்களின் தலைச் சுரப்பியிலிருந்து. பாகிலிருந்து அது வராது.

இரண்டாவது: சுற்றுவட்டாரத்தில் என்ன பூக்கிறது?

இந்தியத் தேனீ பெரும்பாலும் ஒன்றரை கிலோமீட்டருக்குள்ளேயே மேய்ந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு அந்த வட்டத்தைச் சுற்றுங்கள். எந்த மாதம் எது பூக்கிறது, எந்தக் காட்டில் மருந்து அடிக்கிறார்கள் என்று இரண்டையும் ஒரே நோட்டில் எழுதுங்கள்.

எங்கள் பக்கம் தென்னை இருப்பது பெரிய பாக்கியம். மாதத்துக்கு ஒரு பாளை வீதம் ஆண்டு முழுக்க வெடித்துக்கொண்டிருக்கும், மகரந்தமும் தரமானது. ஆனால் தென்னை மட்டும் போதாது. தேனீக்கு உணவிலிருந்தே கிடைத்தாக வேண்டிய அமினோ அமிலங்கள் பத்து. ஒரே செடியின் மகரந்தத்தில் பத்தும் சரியான அளவில் அமைவது அரிது. மக்காச்சோள மகரந்தத்தில் புரதமே குறைவு. சூரியகாந்தியும் பார்க்க அழகு, புரதத்தில் சுமார்தான். நூற்றுக்கணக்கான ஏக்கர் சோளம் பூத்து நிற்கும்போது பெட்டி நிறைய மகரந்தம் சேரும், பார்த்தால் மனசு நிறையும். அது மூன்று வேளையும் வெறும் சோறு சாப்பிடுகிற மாதிரி.

கலப்புக்குப் பயன்படுபவை முருங்கை, புங்கம், நாவல், புளி, ஆமணக்கு, எள், கொத்தமல்லி, துளசி, தும்பை, தொட்டாற்சிணுங்கி, வேலியில் படரும் கொடிரோஸ். தொட்டாற்சிணுங்கியைக் களை என்று வெட்டித் தள்ளுகிறோம். தேனீ காலையிலேயே அதில்தான் உருளும். தோப்புக்குள் காலியிடம் இருந்தால் பத்துப் பதினைந்து நாள் இடைவெளி விட்டு மூன்று தடவை கொத்தமல்லியோ எள்ளோ தூவுங்கள், பூ விட்டுவிடாமல் வரும்.

இதில் ஒரு தப்பு நானே செய்தது. பக்கத்துக் காட்டு வரப்பை ஒட்டி நல்ல மண் இருக்கிறதே என்று அங்கே துளசி வரிசை வைத்தேன். மருந்தடிக்கும்போது காற்றில் வரும் சாரல் முழுவதும் அந்தத் துளசியில்தான் இறங்கியது. தேனீக்கு விருந்து வைக்கிற இடம் மருந்துச் சாரல் எட்டாத இடமாக இருக்க வேண்டும், தோப்பின் நடுவில் அல்லது வீட்டுப் பக்கம்.

மூன்றாவது: பாகு

பாகு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடித்து வீசும் நாட்களில் தேனீ வெளியே போகவே முடியாது. பட்டினி கிடந்தால் இந்தியத் தேனீ பெட்டியை விட்டே ஓடிவிடும். அப்போது பாகு வைத்தே ஆக வேண்டும்.

வெள்ளைச் சர்க்கரையும் தண்ணீரும் சரிக்குச் சரி. தண்ணீரைச் சுட வைத்து இறக்கிய பிறகு சர்க்கரையைப் போட்டுக் கலக்குங்கள். அடுப்பில் வைத்துக் கருக்கக் கூடாது. வெல்லம், நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி எதுவும் வேண்டாம். நமக்கு அவை சத்து, தேனீக்கு வயிற்றுப்போக்கு. ஒரு கொட்டாங்குச்சியில் ஊற்றி, மூழ்கிச் சாகாமல் இருக்க நாலு வைக்கோல் துண்டு போட்டு, பொழுது சாய்ந்தபின் பெட்டிக்குள் வையுங்கள். பகலில் வைத்தால் பக்கத்துப் பெட்டித் தேனீக்கள் கொள்ளையடிக்க வந்துவிடும். பெட்டிக்கால்களின் அடியில் எறும்புக்குத் தண்ணீர்க் கிண்ணம் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

பாகைவிட நல்லது, தேனை விட்டுவைப்பது. பெட்டியின் கீழ்த்தட்டில், புழு அறையில் இருக்கும் தேனைத் தொடவே தொடாதீர்கள். மேலே தேன் அறையிலும் பருவத்தின் கடைசி எடுப்பை எடுக்காமல் விட்டால், அந்தத் தேனில் இருக்கும் மகரந்தச் சத்து பஞ்ச மாதத்தில் கைகொடுக்கும். ஒரு கிலோ தேனுக்குக் கிடைக்கும் காசை நினைத்தால் கை துறுதுறுக்கும். புதிதாக ஒரு கூட்டம் வாங்க என்ன செலவாகும் என்று அப்போது கணக்குப் போடுங்கள்.

நான்காவது: மகரந்தத்துக்கு மாற்றுத் தீவனம்

உண்மையான மகரந்தத்துக்கு எதுவும் ஈடாகாது. வேறு வழியில்லாதபோது உதவிக்கு இது:

கொழுப்பு நீக்கிய சோயா மாவு அல்லது பொட்டுக்கடலை மாவு மூன்று பங்கு, செயலிழந்த உலர் ஈஸ்ட் ஒரு பங்கு. பேக்கரியில் ரொட்டி உப்புவதற்குப் போடும் உயிருள்ள ஈஸ்டைப் போடாதீர்கள். பால் பவுடரும் சேர்க்கச் சொல்வார்கள். பாலில் இருக்கும் சர்க்கரை தேனீக்குச் செரிக்காது என்பதால் நான் விட்டுவிட்டேன். இதைக் கெட்டியான பாகு அல்லது சொந்தப் பெட்டித் தேன் ஊற்றிச் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசையுங்கள். கையில் ஒட்டக் கூடாது, விண்டால் உதிரவும் கூடாது. எலுமிச்சை அளவு உருண்டையைத் தட்டி, பட்டர் பேப்பரில் வைத்து, புழுச் சட்டங்களின் மேல் கவிழ்த்துவிடுங்கள். மூன்று நாளில் தின்றுவிட்டால் அடுத்தது. மிச்சம் வைத்தால் எடுத்து எறியுங்கள். பூசணமும் மெழுகுப்பூச்சியும் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கும்.

சில கூட்டங்கள் இதைச் சீண்டவே சீண்டாது. அதற்கு ஒரு வழி உண்டு. பலமான பெட்டியில் பழைய அடையிலிருந்து மகரந்தத்தை ஒரு டீஸ்பூன் அளவு சுரண்டி மாவில் கலந்துவிட்டால் வாசனைக்கே வந்துவிடும். நான் மேலே சொன்ன சுவிட்ச் போடுகிற சமாச்சாரமும் அந்த ஒரு டீஸ்பூனில்தான் இருக்கிறது. மாவும் ஈஸ்டும் முக்கியமாகப் புரதத்துக்குத்தான்.

கடைத் தேனையோ, எங்கிருந்து வந்தது என்று தெரியாத மகரந்தத்தையோ இதில் கலக்கவே கூடாது. 1990களின் தொடக்கத்தில் புழுக்களைக் கொல்லும் 'தாய் (தாய்லாந்து) சாக்புரூட்' என்ற வைரஸ் வந்து தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. தேனீ வளர்ப்புக்குப் பேர்போன மார்த்தாண்டம் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் அதைப் பேசுவார்கள். அடுத்தவர் பெட்டியின் அடையும் தேனும் நோயையும் சேர்த்துக் கொண்டுவரும். வெளியில் வாங்கிய மகரந்தம் மருந்து எச்சத்தையும் கொண்டுவரலாம்.

ஐந்தாவது: எப்போது தொடங்குவது?

பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். பக்கத்துக் காட்டில் மருந்து நெடி வந்ததும் ஓடிப்போய்த் தீவனம் வைப்பார்கள். அது பயன்படாது. கணக்கைப் பாருங்கள்.

முட்டை தேனீயாக வெளிவர ஏறக்குறைய மூன்று வாரம். வெளிவந்த தேனீ மகரந்தத்தை வயிறு முட்டத் தின்பது முதல் பத்து நாளில். அப்போதுதான் உடம்பில் கொழுப்பும் புரதமும் சேரும். அதன்பின் மேய வெளியே போகும்போது இரண்டு மூன்று வாரம் ஆகியிருக்கும், அந்த வயதில் அது பெரும்பாலும் தேன்தான் குடிக்கும். ஆக, மருந்தடித்த காட்டுக்குள் இன்று நுழைகிற தேனீயின் உடம்பு, ஐந்து ஆறு வாரத்துக்கு முன் பெட்டியில் இருந்த மகரந்தத்தால் ஆனது.

எங்கள் பக்கம் ஆவணி, புரட்டாசியில் மக்காச்சோளம் விதைப்பார்கள். விதைத்துப் பதினைந்து இருபது நாளில் படைப்புழு மருந்து ஆரம்பித்துவிடும். ஆகவே ஆடி பாதியிலேயே பெட்டியில் மகரந்தக் கணக்கு எடுத்துவிட வேண்டும். ஆடியில்தான் பூவும் குறைவு, காற்றும் பலம். வருடத்திலேயே தேனீ மெலிந்திருக்கும் நேரம் அது. உங்கள் ஊரில் பருத்தியோ, மாமரமோ, நெல்லோ எதுவானாலும் முதல் மருந்து நாளிலிருந்து ஆறு வாரம் பின்னால் எண்ணி, காலண்டரில் அந்தத் தேதியை வட்டமிடுங்கள்.

ஆறாவது: மருந்தடிக்கும் நாள்

நல்ல சாப்பாடு சின்ன அளவு விஷத்தைத் தாங்க வைக்கும், அவ்வளவுதான். பூத்த பயிரில் நடுப்பகலில் நேராக மருந்து அடித்தால் எவ்வளவு கொழுத்த தேனீயும் விழும். ஆகவே பக்கத்துக் காட்டுக்காரரிடம் பேசுவதும் தீவனம் வைப்பதற்குச் சமமான வேலை.

சண்டைக்குப் போகாதீர்கள். அவருக்குப் பயிர் முக்கியம். எங்கள் ஊரில் நான் சொல்வது இதுதான்: "அண்ணா, மருந்து அடிக்கறதுக்கு முந்தின நாள் ஒரு போன் போட்டீங்கன்னா போதுமுங்க. பொழுது சாஞ்சு அடிச்சீங்கன்னா இன்னும் உபகாரமுங்க." முதல் வருடம் இரண்டு பேர் போன் செய்தார்கள். பொங்கலுக்கு ஆளுக்கு ஒரு பாட்டில் தேன் கொடுத்த பிறகு ஐந்து பேர்.

அவரிடம் கேட்க வேண்டிய இன்னொன்று, டேங்கில் என்னென்ன கலக்கிறார் என்பது. பூச்சிமருந்தோடு பூஞ்சாணக்கொல்லியையும் ஒரே தெளிப்பில் முடித்துவிடுவது வழக்கம். புரோபிகோனசோல், டெபுகோனசோல் போல '-கோனசோல்' என்று முடியும் பூஞ்சாண மருந்துகள், தேனீயின் குடலில் நச்சை உடைக்கும் அதே நொதிகளைக் கட்டிப்போடுகின்றன. மகரந்தம் கொடுத்து நாம் முடுக்கிவிட்டதை இது அணைத்துவிடும். தனித்தனி நாளில், பூ இல்லாத பருவத்தில் அடித்தால் பாதிச் சிக்கல் தீரும்.

'விஷம் இருந்தால் தேனீக்குத் தெரியாதா, ஒதுங்கிப் போய்விடாதா?' என்று கேட்பவர்கள் உண்டு. 2015இல் வெளியான ஆய்வில் இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சம் என்ற நியோனிகோட்டினாய்டு மருந்துகள் கலந்த பாகையும் வெறும் பாகையும் அருகருகே வைத்தபோது, தேனீக்கள் மருந்து கலந்ததையே அதிகம் குடித்தன. அவற்றின் நாக்குக்கு அந்த மருந்து தெரிவதே இல்லை.

மருந்தடிக்கும் அன்றைக்கு விடியுமுன் பெட்டிக்குள் பாகு வையுங்கள். பக்கத்திலேயே கூழாங்கல் போட்ட தட்டில் சுத்தமான தண்ணீர். பக்கத்தில் தக்காளி இருந்தாலும் இதே கதைதான்: தக்காளிப் பூவுக்குத் தேனீ பெரிதாகப் போகாது, ஆனால் தக்காளிக் காட்டு வரப்பில் பூத்த களைக்கும் வாய்க்கால் தண்ணீருக்கும் போகும். வாசலை அடைத்து வைப்பது என்றால் வலை போட்டு, நிழலில், சில மணி நேரம் மட்டும். காற்றோட்டம் இல்லாமல் அடைத்து, மருந்துக்குத் தப்பியதை வெக்கையில் கொன்றவர்களைப் பார்த்திருக்கிறேன். தொடர்ந்து பல நாள் அடிக்கப் போகிறார்கள் என்றால் இரவோடு இரவாகப் பெட்டியை மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய் வைப்பதே மேல்.

பிறகு

மறுநாள் காலை வாசல் முன்னால் பாருங்கள். நாக்கை வெளியே நீட்டியபடி செத்துக் கிடக்கும் தேனீக்கள், தரையில் பம்பரம் மாதிரி சுற்றுபவை, நடுங்கிக்கொண்டு வாசலில் ஏற முடியாமல் விழுபவை, இவை மருந்தின் அடையாளம். கூட்டமாகச் சாகாமல், நாளுக்கு நாள் மேயப் போகிறவை மட்டும் திரும்பாமல் குறைவதும் உண்டு. அது கண்ணில் படத் தாமதமாகும்.

இங்கே ஒரு சங்கடம். இதுவரை மகரந்தம் மகரந்தம் என்று சொன்னேனே, மருந்தடித்த வாரத்தில் உள்ளே வரும் மகரந்தம்தான் இப்போது ஆபத்து. இளம் தேனீக்கள் அதைத் தின்று, பாலாகப் புழுவுக்குக் கொடுக்கும். ஒரு வாரம் பத்து நாள் கழித்துப் புழுக்கள் ஆங்காங்கே சாகத் தொடங்கினால் புதிதாக மகரந்தம் சேர்ந்த ஓரச் சட்டங்களை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் ஆடியிலேயே பலமான பெட்டியிலிருந்து எடுத்துப் பத்திரப்படுத்திய பழைய மகரந்தச் சட்டத்தை வையுங்கள். நான் வருடத்துக்கு இரண்டு சட்டம், ஈரம் படாத பிளாஸ்டிக் உறையில் சுற்றி, பிரிட்ஜின் உறைபெட்டியில் வைத்துவிடுகிறேன். ஐஸ்கிரீமுக்கு இடமில்லை என்று வீட்டில் திட்டு விழும்.

சட்டம் மாற்றிய தேதியை நோட்டில் எழுதி, அதிலிருந்து 21ஆம் நாள் மறுபடியும் திறந்து, புழுவுக்கு அடியில் பால் நிற்கிறதா என்று பாருங்கள்.